தோளுக்குப் பாரமில்லாத வேலை அங்கி



தீபாவளிக்கு என்ன புடவை எடுப்பது, பிள்ளைகளுக்கு எந்தக் கடையில் சட்டை வாங்குவது என்று நம் வீடுகளில் ஒரு மாதத்துக்கு முன்பே பேச்சுத் தொடங்கிவிடுகிறது. ஆனால், ஆண்டில் பெரும்பாலான நாள்கள் உடம்பில் கிடக்கும் வேலைச் சட்டையைப் பற்றி ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்கிறோமா? நிறம் போன பழைய சட்டை, தேர்தல் காலத்தில் யாரோ கொடுத்த பனியன், மகனுக்குச் சிறியதாகிப்போன பள்ளிச் சட்டை, இவற்றுள் கைக்கு எது அகப்படுகிறதோ அதை மாட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போகிறோம். கேட்டால், "வேலைக்குத்தானே, எதுவானால் என்ன?" என்போம். அந்த "எதுவானால் என்ன" என்பதைப் பற்றித்தான் இன்று நான் பேசப் போகிறேன். குறிப்பாக, செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்கள் சட்டைக்கு மேலே போட்டுக்கொள்ளும், கையில்லாத, பல பைகள் வைத்த மேலுடையைப் பற்றி. கடைகளில் அதை வெஸ்ட் என்கிறார்கள். நான் அங்கி என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

என் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தந்தை குலை வெட்டுகிறவர். ஒரு நாள் மாலை மகனை அழைத்துப்போகப் பள்ளிக்கு வந்தார். மேலே ஓர் அங்கி. இலையும் மரப்பட்டையுமாகக் கோலம் போட்ட துணி. எண்ணிப் பார்த்தேன், வெளியில் மட்டும் பதினொரு பைகள். பின்பக்கம் ஒரு மெத்தை தொங்கியது.

"எங்கே அண்ணே வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"பண்டல் கடையில டீச்சர். வெளிநாட்டுச் சாமான். இந்தத் துணி பத்து வருஷம் ஆனாலும் கிழியாது" என்றார் பெருமையாக. கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "ஆனா பத்து மணிக்கு மேல போட்டிருக்க முடியல. மூச்சு முட்டுது. தோள் கடுக்குது. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல" என்றார்.

அவருக்கு என்ன வயதாகிவிட்டது! என்னைவிட இரண்டு வயது இளையவர். அங்கியை மறுநாள் பள்ளிக்குக் கொடுத்தனுப்பச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அன்று எடை பற்றிய பாடம். பள்ளித் தராசில் வைத்தோம். காய்ந்த நிலையில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பிறகு வாளித் தண்ணீரில் முக்கி, இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிழிந்தார்கள். மறுபடியும் வைத்தோம். ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது. பிழிந்த பிறகு இந்த எடை என்றால், வியர்வையில் ஊறி, பிழியப்படாமல், ஒரு மனிதனின் தோளில் மதியம் வரை கிடந்தால் எவ்வளவு இருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். அவர் மகன் வாய் திறக்கவில்லை. அன்று மாலை அப்பாவிடம் போய்ச் சொன்னதாகக் கேள்வி.

நேயர்களே, அந்த அங்கியின் உள்பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டுத் தைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு வான்கோழியின் படம். அது அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்களுக்காகத் தைத்த உடை. அங்கே காட்டு வான்கோழியை வேட்டையாட வசந்த காலத்தில் ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். வேட்டைக்காரர் விடியற்காலையில் போய் ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். பெட்டைக் கோழி கூப்பிடுவதுபோல் ஒலி எழுப்பும் சிறு மரப்பெட்டி, கற்பலகை முதலியவற்றை வைத்துக்கொண்டு ஆண் பறவையை அழைப்பார். மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அதனால்தான் உட்காருவதற்கு மெத்தை. ஒலிக் கருவிகளுக்காகத்தான் அத்தனை பைகள். பின்னால் உள்ள பெரிய பை, விழுந்த பறவையைப் போட்டுக்கொண்டு வருவதற்கு. குளிர்ந்த காலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கனத்த துணி சுகமாக இருக்கலாம். ஆனால் அங்கும் தென் மாநிலங்களில் வசந்தத்திலேயே வெயில் ஏறிவிடுகிறது. ஆகவே முதுகுப் பக்கம் வலைத்துணி வைத்த, எடை குறைந்த அங்கிகளை அங்குள்ளவர்களே தேடி வாங்குகிறார்கள். உட்கார்ந்திருக்கும் மனிதருக்கே இந்தக் கவலை என்றால், நீண்ட கழியில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கி இழுக்கிறவருக்கு எவ்வளவு கவலை இருக்க வேண்டும்!

நம் உடம்பு தன்னைக் குளிர வைத்துக்கொள்வது வியர்வையால். ஆனால் வியர்வை வழிவதால் மட்டும் உடம்பு குளிராது. அது காற்றில் ஆவியாகிப் போக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. அதே வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தாலோ, கனத்த துணியில் ஊறி அங்கேயே தங்கிவிட்டாலோ உடம்புக்குப் பெரிய பலன் இல்லை. உள்ளிருந்த நீர் போனதுதான் மிச்சம். நம் நாட்டுக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. காலை வேளையில் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறையும் தாண்டும். வளர்ந்த செம்பனையின் அடியில் காற்று நகர்வதே அரிது. இந்த இடத்தில் நாம் ஒரு கனத்த துணியால் நெஞ்சையும் முதுகையும் மூடிக் கட்டினால், வீட்டுச் சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு அடுப்பு மூட்டியது போலத்தான். அண்ணனுக்குப் பத்து மணிக்கு மூச்சு முட்டியது வயதால் அல்ல.

அடுத்து நடந்ததைச் சொல்கிறேன். அங்கி கனம் என்று தெரிந்தும் அவர் அதை விடவில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! காலையில் போட்டுக்கொண்டு, பத்து மணிக்குக் கழற்றினார். அப்படி ஒரு நாள் அதிகாலை, வெளிச்சம் சரியாக வராத நேரம். குலை ஏற்றும் டிராக்டர் பாதையில் பின்னால் வந்தது. இவர் பாதை ஓரத்தில் குனிந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. பக்கத்து நிரையில் இருந்தவர் கத்தியதால் டிராக்டர் நின்றது. இடையில் இரண்டு முழம்கூட இல்லை என்றார்கள்.

அந்த ஓட்டுநரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் துணியை நெய்ததே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக. வான்கோழிக்குக் கூர்மையான பார்வை, நிறங்களையும் நன்றாகப் பிரித்து அறியும். அதன் கண்ணை ஏமாற்ற இலைக்கோலம். சேவலின் தலையில் சிவப்பும் வெள்ளையும் நீலமும் இருப்பதால், அந்த மூன்று நிறங்களையும் உடம்பில் காட்டக் கூடாது என்றுகூட வேட்டைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இன்னொரு வேட்டைக்காரர் பறவை என்று நினைத்துச் சுட்டுவிடுவார் அல்லவா? வேட்டைக்காரர் மறைய வேண்டியவர். நம் தோட்டத்துத் தொழிலாளி தெரிய வேண்டியவர். லாரிக்காரர், டிராக்டர்க்காரர், மட்டை வெட்டிச் சாய்க்கும் பக்கத்து நிரைக்காரர், எல்லார் கண்ணிலும் தூரத்திலிருந்தே பட வேண்டியவர். நல்ல துணி, கெட்ட துணி என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் இல்லை. அது யாருக்காக, எந்த வேலைக்காகத் தைக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானும் அவர் மனைவியும் கிள்ளானில் ரயில் ஏறி, பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி, மஸ்ஜித் இந்தியாவுக்கு நடந்தோம். பெரியவர்கள் பத்து ரோடு என்று சொன்ன ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தெருவை நம்மில் தெரியாதவர்கள் குறைவு. 1863-ஆம் ஆண்டில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே எழுப்பிய பள்ளிவாசலின் பெயரே தெருவுக்கும் ஆயிற்று. புடவை, வேட்டி, மாலை, பாத்திரம் என்று நல்ல நாளுக்கு வேண்டியவற்றைத் தேடித்தான் அங்கே போவோம். வேலைச் சட்டைக்குத் துணி எடுக்க அங்கே போனது எனக்கும் முதல் தடவை. கிள்ளானிலேயே துணிக்கடைகள் இருக்கின்றன, தெங்கு கிளானா சாலையில் வரிசையாக. ஆனால் மஸ்ஜித் இந்தியாவில் ஒரே நடையில் இருபது வகைத் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். துணியைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. தொட்டுப் பார்க்க வேண்டும்.

கடைக்குள் போனதும் அம்மையார் நேராகக் கனத்த டிரில் துணியிடம் போனார். "இதுதான் உழைக்கும்" என்றார். நான் மறுக்கவில்லை, உழைக்கும்தான். துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளப்பார்கள். சாதாரண பனியன் துணி 150 முதல் 180 கிராம் வரை இருக்கும். டிரில் 250 கிராம் அளவில் வரும். ஜீன்ஸ் துணி 400 கிராம்கூட இருக்கும். கடைக்காரரைக் கேட்டால், சுருளின் நுனியில் ஒட்டிய சீட்டைப் பார்த்துச் சிலர் சொல்வார்கள். சீட்டு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. நம் கையும் வாயும் இருக்கின்றனவே!

முதலில் துணியின் ஓரத்தை எடுத்துக் கடை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். இழைகளுக்கு நடுவே ஒளி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், காற்றும் அந்த வழியே போகும். பிறகு துணியை உதட்டோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பார்த்தோம். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்றுப் பட்டால் அது மூச்சு விடுகிற துணி. அம்மையாருக்கு வெட்கம். கடைக்காரப் பாய் சிரித்தார். "ஊதுங்கம்மா, வாங்கறவங்க இப்படிப் பார்த்துத்தான் வாங்கணும்" என்றார். மூன்றாவதாக, துணியைக் கைக்குள் கசக்கி, இறுகப் பிடித்து விட்டோம். உடனே விரிந்து எழும் துணி உடம்பிலும் ஒட்டாமல் சற்று விலகி நிற்கும். கசங்கியபடியே கிடப்பது வியர்த்தால் தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும்.

பருத்தியா, பாலியஸ்டரா என்ற கேள்விக்கு நம் வீடுகளில் எப்போதும் ஒரே பதில், பருத்திதான் குளிர்ச்சி என்று. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது சரி. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தையே தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. ஆகவே மெல்லிய பருத்தி, குறைவாக வியர்க்கும்போது சுகம் தரும். ஆனால் மரத்துக்கு மரம் நடந்து வெட்டுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கக்கூடும். அப்போது பருத்தி குடித்துக் குடித்துக் கனத்துப் போய், உலர மறுக்கிறது. கண்கள் பெரிதாக உள்ள பாலியஸ்டர் வலைத்துணி ஈரத்தைத் தேக்காது, விரைவில் உலரும். ஆனால் கண்ணே இல்லாத, நெருக்கமாக நெய்த மலிவான பாலியஸ்டர் நெகிழிப் பை மாதிரி. அதை வாங்கிவிட்டு வாத்தியாரம்மா சொன்னாள் என்று என்மேல் பழி போடாதீர்கள். துணியின் பெயரைவிட அதன் நெசவு முக்கியம்.

நாங்கள் எடுத்தது இதுதான். உள்ளே போட, முழுக்கைச் சட்டைக்கு மெல்லிய பருத்தி கலந்த துணி. செம்பனை மட்டையின் முள்ளுக்கும் கொசுவுக்கும் கை மூடியிருக்க வேண்டும், வெயிலுக்காகக் கையை வெட்டிவிடுவது தவறு. மேலே அங்கிக்கு, ஆரஞ்சு நிற வலைத்துணி, பைகளின் மடிப்புகளையும் சேர்த்து ஒன்றரை மீட்டர். பளிச்சென்ற ஆரஞ்சிலும் எலுமிச்சை மஞ்சளிலும் ஒரு வகைச் சாயம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பி விடும். அதனால்தான் மங்கலான விடியலிலும் அது தனியே தெரிகிறது. பச்சை இலைகளுக்கு நடுவே எலுமிச்சை மஞ்சளைவிட ஆரஞ்சு நன்றாகப் பிரிந்து தெரியும். வெள்ளியாகப் பளபளக்கும் பட்டை வேறு சமாச்சாரம். அதன்மேல் வண்டி விளக்கு பட்டால்தான் அது மின்னும். ஆகவே இரண்டும் வேண்டும். பட்டையை இரும்புச் சாமான் கடையில் வாங்கினோம். அதை மடித்து மடித்து வைத்தாலும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டாலும் வெடித்துப் போகும்.

தைக்கத் தெரியாதவர்கள், அதே இரும்புச் சாமான் கடைகளில் தைத்துத் தொங்கவிட்டிருக்கும் வலை அங்கியை வாங்கிக்கொள்ளலாம். கையில் தூக்கினால் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். அதில் இருக்கும் குறை பைகள் இல்லாததுதான். அதை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம்.

இப்போது தைப்பைப் பற்றி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்ற தையல் எனக்குச் சட்டைக்குப் பொத்தான் வைக்கும் அளவுக்குத்தான் உதவியது. ஆனால் அண்ணனின் மனைவி தையல் இயந்திரத்தில் கெட்டிக்காரி. அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்கே பல விஷயங்களைத் தெளிவாக்கின.

"கையைத் தூக்கினா அங்கியும் கூட மேலே வருதே, ஏன் டீச்சர்?" என்றார். கைவழி குறுகலாக இருந்தால் அப்படித்தான். பண்டல் அங்கியின் கைவழி கைகளைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பவருக்காக வெட்டப்பட்டது. குலை வெட்டுகிறவருக்குக் கைவழியை இரண்டு விரற்கடை தாழ்த்தி வெட்ட வேண்டும். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்றால் போதாது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், பிறகு குனிந்து காலணியைத் தொடுங்கள். தூக்கும்போது வயிறு தெரியக் கூடாது, குனியும்போது முன்பக்கம் மடிந்து நெஞ்சில் குத்தக் கூடாது. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆண்களின் அளவில் தைத்த அங்கியைக் கொடுத்தால், அது நீண்டு தொங்கி, குனியும் போதெல்லாம் தரையைத் துழாவுகிறது. நீளம் இடுப்பு எலும்போடு நின்றால் போதும்.

தோள்பட்டை அகலமாக இருக்க வேண்டும். நான்கு விரல் அகலமாவது. ஒரே எடையை மெல்லிய கயிற்றிலும் அகலமான பட்டையிலும் தொங்கவிட்டுத் தோளில் மாட்டிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

பைகள் என்றால் நமக்கு ஆசை. பை இருந்தால் அதில் ஏதாவது போடத் தோன்றும், போட்டால் அது கனக்கும். பதினொரு பை அங்கியில் அண்ணன் என்னென்ன வைத்திருந்தார் என்று கொட்டிப் பார்த்தோம். சாணைக்கல், இரண்டு கையுறை, தண்ணீர்ப் புட்டி, வெற்றிலைப் பெட்டி, திருகாணிகள், ஒரு பழைய பூட்டு, கைப்பேசி, மகனின் பம்பரம். பூட்டுக்குச் சாவி வீட்டிலும் இல்லை. கடைசியில் தேவைப்பட்டவை மூன்று பைகள்தாம். கைப்பேசிக்கு மூடி வைத்த ஒன்று நெஞ்சில். சாணைக்கல்லுக்கு ஒன்று, வலப்பக்க விலாவின் கீழே, உடம்போடு ஒட்டினாற்போல. கைத்துண்டுக்கு ஒன்று இடப்பக்கம். தண்ணீர்ப் புட்டி அங்கியில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அது முன்னால் ஊசலாடும், நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் தோளை இழுக்கும். அதை இடுப்பு வாரில் பின்பக்கமாக மாட்டிக்கொண்டால் எடை இடுப்பெலும்பில் உட்காரும், தோளுக்குத் தெரியாது. தண்ணீரின் எடையை மட்டும் குறைக்க நினைக்காதீர்கள். அரிவாள், உளி, கத்தி எதையும் எந்தப் பையிலும் வைக்கக் கூடாது. விழுந்தால் அது முதலில் நம்மைத்தான் வெட்டும். பைகளுக்கு வேண்டிய கெட்டித் துணியை நாங்கள் புதிதாக வாங்கவில்லை. பண்டல் அங்கியைப் பிரித்து அதிலேயே வெட்டி எடுத்தோம். பையின் அடியில் இரண்டு சிறு துளை வைத்தோம், மழைநீர் தேங்காமல் வடிய.

முன்பக்கம் எப்படி மூடுவது? பற்சக்கர ஜிப்பில் செம்பனைத் தூசி புகுந்தால் நடுவில் நின்றுவிடும். பால் வெட்டுகிறவர்களுக்கோ பால் பட்டு உறைந்து ஜிப்பே அசையாது. கயிறு கட்டினால் நுனி மட்டையில் மாட்டும். ஒட்டிக்கொள்ளும் பட்டை இரண்டு இடத்தில் வைத்தோம். இதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வெயிலில் ஒருவருக்குத் தலைசுற்றல், வாந்தி, தசைப் பிடிப்பு வந்தால், அவரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மேலுடையைத் தளர்த்தி, தண்ணீர் தெளித்து விசிற வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ அது உயிருக்கு ஆபத்து, மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரே இழுப்பில் அங்கி திறக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் வெப்பம் 40.1 பாகையைத் தொட்டது. 2016-இல் வெப்பம் தாங்காமல் பெர்லிஸ், கெடா பள்ளிகளைச் சில நாள் மூடினார்கள். அதே ஆண்டில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை, வேலையிடத்து வெப்பத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு வழிகாட்டி நூலையும் வெளியிட்டது. வெயில் ஏறுவதற்கு முன் கடின வேலையை முடிப்பதும், நடுநடுவே நிழலில் இளைப்பாறுவதும், தண்ணீர் குடிப்பதும் இல்லாமல், எந்த அங்கியும் தனியே ஒருவரைக் காப்பாற்றாது.

பால் வெட்டுகிறவர்களுக்கு இத்தனை தேவையில்லை. அவர்கள் இருட்டில் தொடங்குகிறார்கள், தலைவிளக்கோடு. கொசுவுக்கு முழுக்கை, பால் கறைக்கு ஒரு தனி மேல்சட்டை, முதுகில் ஒரு வெள்ளிப் பட்டை. பால் பட்ட சட்டையை வீட்டுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். உறைந்துவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது என்பது என் அம்மா பால் வெட்டிய காலத்திலேயே நான் பார்த்தது.

இதுவரை, குறைந்த எடை, நிறையக் காற்று என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். மருந்து அடிக்கிறவர்களுக்கு நான் இதுவரை சொன்னவை பொருந்தா.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில், எனக்கு மிகவும் வேண்டிய ஓர் அக்காள் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார். முதுகில் பம்பு, நிறைத்தால் இருபது கிலோ அளவுக்கு வரும். மேலே கனத்த நெகிழி முன்மறைப்பு. புழுக்கம் தாங்காமல் அதைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, வெறும் பருத்திச் சட்டையோடு அடித்தார். பம்பின் மூடி கசிந்து முதுகு நனைந்தது. சட்டை ஈரம், வியர்வை ஈரம் என்று பிரித்துத் தெரியவில்லை. மாலை வரை அதே சட்டையோடு இருந்தார். முதுகில் பட்ட புண் ஆற மாதக் கணக்காயிற்று. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தபோது அவர் உடம்பு நடுங்கியதை நான் பார்த்தேன்.

காற்றுப் போகும் துணி மருந்தையும் உள்ளே விடும். பருத்தி விளக்குத் திரி போன்றது, மருந்தை உறிஞ்சித் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வலை அங்கியோ ஒரு தடுப்பே அல்ல. பாரகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை நம் நாட்டில் நிறுத்துவதாக 2002-இல் முடிவு செய்தார்கள். 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். தெனகனிதா போன்ற அமைப்புகள் மருந்து அடிக்கும் பெண்களின் நிலையை விடாமல் எடுத்துச் சொல்லி வந்தன. கடைசியில் 2020 ஜனவரி முதல் நாள் அது முழுதாகத் தடை செய்யப்பட்டது. பாரகுவாட் போய்விட்டது என்பதற்காக மற்ற மருந்துகள் பன்னீர் ஆகிவிடா. முன்மறைப்பு, கையுறை, நீண்ட காலணி, கண்ணாடி, முகமூடி, இவை கனத்தாலும் புழுங்கினாலும் வேண்டியவைதாம். புழுக்கத்துக்கு வழி, உடையைக் கழற்றுவதல்ல. விடியற்காலையில் அடித்து முடிப்பது, சிறு பம்பு கேட்பது, அடிக்கடி இளைப்பாறுவது, இவைதாம். இதை மண்டோரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக்காகக் கொடுக்க வேண்டிய எதற்கும் முதலாளி தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. நாங்கள் மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுத்தது உடம்புச் சுகத்துக்காக, எங்கள் விருப்பத்தில். மருந்து அடிக்கும் உடையையும் தலைக்கவசத்தையும் உங்கள் கைக்காசில் வாங்காதீர்கள். மருந்து பட்ட துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். தனி வாளி, தனி கொடி, துவைக்கும் கைக்கும் உறை. பிள்ளையைத் தூக்குவதற்கு முன் குளியுங்கள்.

அண்ணனின் புதிய அங்கி அடுத்த வெள்ளிக்கிழமை தயாரானது. பைகளோடு, பட்டையோடு, பள்ளித் தராசில் கால் கிலோவுக்குச் சற்று அதிகம் காட்டியது. பிள்ளைகள் அதையும் நனைத்துப் பிழிந்தார்கள். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. அவர் மகன் இந்த முறை வாயைத் திறந்தான். கறும்பலகையில் இரண்டு எடைகளையும் எழுதிக் கழித்துக் காட்டினான், கடன் வாங்குவதில் ஒரு தப்போடு. சில நாள் கழித்து அண்ணனைக் கண்டபோது, "மத்தியானம் வரைக்கும் கழட்டல டீச்சர்" என்றார். இரண்டு நிரை தள்ளியிருந்தே மண்டோர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம், அது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லையாம்.

பழைய அங்கியில் பைகளுக்கு வெட்டியது போக மிஞ்சியது அந்த மெத்தை. அதை அவருடைய தாயார் எடுத்துக்கொண்டார். லயத்துக்குப் பின்னால் வெண்டைப் பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கும்போது போட்டுக்கொள்கிறார். முழங்கால் வலிக்கு அது மிகவும் சௌகரியமாக இருக்கிறதாம்.